கடைவாசல் குப்பியும் தானியக் குவியலும்

 

ஒரு சமயம் நாயகம் (ஸல்) அவர்கள், விற்பனைக்கிருந்த தானியக் குவியலினுள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டதென்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, மோசடி செய்பவர் நம்மவரல்லர் என எச்சரித்தார்கள்.

இதை ஏன் நினைவூட்டுகிறேன் என்பீர்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, ஜும்ஆவும் நின்றுபோன நாட்களை நாம் மறக்கவில்லை. கடைகள் மறுபடி திறந்தபோது வாசல்தோறும் கிருமிநாசினிக் குப்பி வைத்தோம். ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் ஒரு கடையில், குப்பி பாதியானதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியதைக் கண்ணாரக் கண்டேன். கேட்டதற்கு, “வாசம் வருதே நானா, போதாதா?” என்றார் கடைக்காரர்.

போதாது சகோதரர்களே! கோவிட் கிருமியின் மேல் கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை இருக்கிறது. நெய் பிடித்த தட்டைச் சவர்க்காரம் எப்படிக் கழுவி எடுக்கிறதோ, அப்படியே அந்த உறையையும் கரைத்துவிடுகிறது. உறை போனால் கிருமிக்கு ஆற்றலில்லை. ஆல்கஹாலும் அவ்வேலையைச் செய்யும். ஆனால் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு இருந்தாலே செய்யும். 70 பங்குள்ளதில் சரிபாதி தண்ணீர் சேர்த்தால் 35 ஆகிவிடும். வாசம் இருக்கும்; பலன் இராது. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம்!

ஆல்கஹாலைக் கையில் தடவலாமா என்று ஐயுறுவோர் உண்டு. மதுத் தயாரிப்பிலிருந்து வராத ஆல்கஹால் நஜீஸ் அல்ல, ஆயினும் அதைக் குடிப்பது ஹராம் என்று நம் நாட்டு தேசிய ஃபத்வாக் குழு 2011இல் தீர்மானித்திருக்கிறது.

இக்கிருமி பொருள்களின் மீது எவ்வளவு நேரம் உயிர்ப்புடன் இருக்கும்? 2020இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சோதித்ததில், பிளாஸ்டிக்கில் 72 மணி வரை, எவர்சில்வரில் 48, அட்டைப்பெட்டியில் 24, செம்பில் 4 மணி வரை இருந்தது. ஆஸ்திரேலியாவில் இருட்டறையில் 20 பாகை வெப்பத்தில் வைத்த பணநோட்டுகளில் 28 நாள் வரை இருந்தது. 40 பாகையில் இரண்டு நாளைத் தாண்டவில்லை. நம் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளும் பிளாஸ்டிக்கே. ஆயினும் பணத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அந்நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றால் பரவுவதென்றும், பொருள்களைத் தொட்டு வருவது அரிதென்றும் பின்னர் தெளிவாயிற்று. கல்லாவில் இருந்தவர் சாப்பிடுமுன் கை கழுவினால் போதும்.

ஆனால் குழந்தைகளுக்கு வரும் கை கால் வாய் நோய், வாந்திபேதி தரும் நோரோ ஆகியவற்றின் கிருமிகளுக்குக் கொழுப்புறை கிடையாது. ஆல்கஹாலுக்கு அவை எளிதில் மசியா. கையைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். மேசைக்கு வெளுப்பு நீர் வேண்டும். நூற்றுக்கு 5 பங்கு வீரியமுள்ள வெளுப்பு நீர் ஒரு கோப்பைக்குத் தண்ணீர் 49 கோப்பை. வாந்தி விழுந்த இடத்துக்குத் தண்ணீர் 9 கோப்பையே. முதலில் அழுக்கை அகற்றுங்கள். அழுக்கு மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். பூசியவுடன் துடைக்காமல் சில நிமிடம் ஈரமாய் விடுங்கள். அன்றன்று புதிதாய்க் கலக்குங்கள். புளிக்காடியையோ கழிவறை அமிலத்தையோ அதனுடன் சேர்த்தால் நச்சுப்புகை எழும், ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

உறங்கி எழுந்தவர், இரவில் தம் கை எங்கிருந்ததென அறியார். ஆதலால் பாத்திரத்தில் கைவிடுமுன் கழுவட்டும் என்று கற்பித்த நபியின் உம்மத் நாம். கண்ணுக்குத் தெரியாததையும் கருத்தில் கொள்ள வேண்டுமென்பதே அதன் பாடம். வாடிக்கையாளர் நம் குப்பியைச் சோதிக்கமாட்டார். நம்பிக் கை நீட்டுகிறார். அந்த நம்பிக்கை நம்மிடமுள்ள அமானத். தீர்ந்துவிட்டால் ‘தீர்ந்தது’ என்று எழுதி வையுங்கள், அதில் குறைவொன்றுமில்லை. கிருமியை நாம் காணோம். குப்பியில் ஊற்றிய தண்ணீரை அல்லாஹ் காண்கிறான்.

நம் கைகளையும் கொடுக்கல் வாங்கலையும் அவன் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.