கொடுக்கும் துணியும் வைத்துக்கொள்ளும் துணியும்

வீடு மாறும் நாள், மனிதன் தன் உடைமைகளைக் கணக்கெடுக்கும் நாளாகும். புதுச்சேரியில் அந்நாள் பெரும்பாலும் கோடை விடுமுறையிலேயே வாய்க்கிறது. பள்ளிகள் மூடியிருக்க, கத்திரி வெயில் காய, முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் பெட்டி கட்டும் இல்லங்களைக் காண்கிறோம். பீரோவைத் திறந்ததும் முதலில் எதிர்ப்படுபவை கோடைக்கென்று வாங்கிய வாயில் சேலைகள், கைலிகள், பிள்ளைகளின் பருத்திச் சட்டைகள். எவற்றை எடுத்துச் செல்வது? எவற்றைக் கொடுத்துவிடுவது? கேள்வி சிறியதே, எனினும் நம் உள்ளத்தை அளந்து காட்டும் கோல் அது.

துணியின் அருமையை நன்கறிந்த ஊர் புதுச்சேரி. அவுரிச் சாயம் தோய்த்த இவ்வூர் நீலத்துணி, பிரெஞ்சு வணிகர் வழியே மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையை அடைந்தது. 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதி முஸ்லிம்கள் அதனை உடுத்தினர். அவர்கள் விற்ற பிசினுக்கு விலையாகவும் அத்துணியே வழங்கியது. நாணயத்துக்கு நிகராய்த் துணி மதிக்கப்பட்ட காலம் அது. 1898இல் தோன்றிய இவ்வூர் ஏ.எப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. ஆலை ஓய்ந்தது, ஆனால் நம் பெட்டிகளில் துணி குறையவில்லை, அதன்மீதுள்ள மதிப்பே குறைந்தது.

மூட்டை கட்டும் நாள்களில் நம் இல்லத்துப் பெண்மக்கள் செய்யும் சிறு கைவேலைகளில் அந்த மதிப்பு இன்னும் உயிரோடிருக்கிறது. நைந்த சேலைத் துண்டுகள் ஒட்டி இணைந்து விரிப்பாகின்றன. பழைய சட்டை பையாகிறது. கிழிந்த கைலி, கண்ணாடிப் பாத்திரங்களைச் சுற்றும் உறையாகிறது. இதனைக் கஞ்சத்தனம் என்று எண்ணலாகாது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒட்டுப்போட்டு உடுத்துவதில் இழிவில்லை.

இழிவு வேறிடத்தில் இருக்கிறது. நல்லவற்றையெல்லாம் பெட்டியில் வைத்துவிட்டு, சாயம் போனதையும் பொத்தான் இழந்ததையும் ‘ஏழைகளுக்கு’ என்று ஒதுக்குகிறோமே, அதில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின் நாகைக் கரையோர மக்களுக்குப் பழந்துணிகள் நாடெங்குமிருந்து வந்தன. உடுத்தத் தகாதவற்றை அம்மக்கள் ஏற்கவில்லை. அவை சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. வீட்டை இழந்தவர்கள் மானத்தை இழந்துவிடவில்லை.

‘ஒன்றுமே இல்லாதவருக்குப் பழையதும் உதவாதா?’ என்று கேட்கலாம். உதவும். துவைத்து, பொத்தான் தைத்து, நாமே உடுத்தத் தயங்காத நிலையில் கொடுத்தால் பழையதும் நன்கொடையே. கிழிசலைக் கொடுப்பதோ நம் வீட்டுக் குப்பையைப் பிறர் வாசலுக்கு மாற்றுவதாகும். நாமே கண்ணை மூடிக்கொண்டன்றிப் பெற்றுக்கொள்ளாத மட்டமான பொருளைத் தருமத்துக்கெனத் தேர்ந்தெடுப்பதைத் திருக்குர்ஆன் (2:267) கண்டிக்கிறது.

ஆகவே வழக்கத்தை மாற்றிப் பார்ப்போம். கிழிந்தது நம்மிடம் இருக்கட்டும். ஊசியும் நூலும் அதற்கு மறுவாழ்வு தரட்டும். நல்லது பிறரைச் சென்றடையட்டும். பெட்டியைப் பூட்டுமுன், கொடுக்கும் மூட்டையில் நாம் விரும்பி உடுத்திய உடை ஒன்றேனும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். நம் எல்லாருக்கும் இறுதியாக ஒரு வீடுமாற்றம் உண்டு. அதற்குப் பெட்டி வேண்டியதில்லை. தைக்காத கஃபன் துணி போதும். அன்று நம்முடன் வருவது, இன்று மனமுவந்து கொடுத்ததேயன்றி வேறில்லை.