இலை உதிரட்டும், வேர் வாடலாகாது



வானத்திலிருந்து மழையை இறக்கி, இறந்து கிடந்த பூமியை உயிர்ப்பிப்பதை அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் பல இடங்களில் அத்தாட்சியாக எடுத்துரைக்கின்றான். அந்த அத்தாட்சியைக் கண்கூடாகக் காணத்தக்க இடங்களுள் ஒன்று நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காடு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988-ஆம் ஆண்டில் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை வரையறுத்து, மரங்களுக்கு அடையாளமிட்டு, அவற்றின் வளர்ச்சியையும் மடிவையும் ஆண்டுக் கணக்கில் பதிந்து வந்துள்ளனர்.

மழை செழித்த ஆண்டில் தேக்குமரம் தன் உடலில் அகன்ற வளையம் இடுகின்றது; மழை பொய்த்த ஆண்டில் வளையம் ஒடுங்கிவிடுகின்றது. ஆனால் வறண்ட மாதங்களில் அது செய்யும் காரியத்தைக் கவனியுங்கள். இலை வழியே நீர் ஆவியாகிப் போகும். ஆகவே அழகான அந்த இலைகளை உதிர்த்துவிட்டு, உயிரைக் காத்துக்கொள்கின்றது. அக்காட்டின் பல மரங்களோ, முதல் மழை இறங்குமுன்பே, கடுங்கோடையிலேயே துளிர் விடுகின்றன!

நாம் என்ன செய்கின்றோம்? வருவாய் சுருங்கியதும் முதலில் நம்மிடமிருந்து உதிர்வது ஸுப்ஹுத் தொழுகை. அடுத்தது ஸதகா. கல்யாணப் பந்தலும், சீர்வரிசையும், விருந்தும் மட்டும் உதிர்வதில்லை. வட்டிக்கு வாங்கியேனும் அவற்றை நிலைநிறுத்துகின்றோம். இலையைக் காக்க வேரை வெட்டுவது எவ்வளவு பேதைமை!

இன்னுமொரு படிப்பினை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி முதுமலையில் கடும் வறட்சி நிலவியது. மரங்கள் அனைத்தும் அந்தக் கோடையிலேயே சாய்ந்துவிடவில்லை. வறட்சியின் காயம் உள்ளேயிருந்து, சில ஆண்டுகள் கழித்தும் மரங்களை மடியச் செய்தது. குர்ஆன் ஓதும் ஓசை நின்றுபோன வீடும் இத்தகையதே. இன்று அங்கே குறையொன்றும் தென்படாது. பிள்ளைகள் தலையெடுக்கும் காலத்தில்தான் அதன் காயம் வெளிப்படும்.

நல்ல வாக்கியத்திற்கு, வேர் உறுதியாய் ஊன்றிக் கிளை வானளாவி நிற்கும் நல்ல மரத்தை 'இப்ராஹீம்' அத்தியாயத்தில் அல்லாஹ் உவமை காட்டுகின்றான். மழை பொய்த்தபோது தொழுது துஆக் கேட்கும் வழியை நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்தார்கள். கஷ்ட காலத்தில் ஆடம்பரத்தை உதிர்ப்போம்; தொழுகையை உதிர்க்கமாட்டோம் என்று ஒவ்வொரு வீட்டாரும் இன்றே நிய்யத் செய்துகொள்வோமாக!

யா அல்லாஹ்! எங்கள் பூமிக்கு ரஹ்மத்தான மழையையும், எங்கள் உள்ளங்களுக்கு வாடாத ஈமானையும் தந்தருள்வாயாக! ஆமீன்.