வேண்டுமென்று செய்யவில்லை என்றால் போதுமா? - பாதையின் ஹக்கும் நமது பொறுப்பும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாகட்டும்.

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. அவற்றில் மிக உயர்ந்தது கலிமா. மிகக் கீழே இருப்பது பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது. முஸ்லிம் கிரந்தத்தில் வரும் இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டவுடன் மனதில் வருவது முள், கல், கண்ணாடித் துண்டு. இன்றைய பாதையில் தொல்லை என்பது முள்ளோடு நிற்கவில்லை. மூடாமல் விட்ட பள்ளம், விளக்கில்லாமல் நிற்கும் லாரி, தலைக்கவசம் இல்லாத வேகம், இவையெல்லாம் தொல்லைகள்தான். இவை காலைக் குத்துவதோடு விடுவதில்லை, உயிரை எடுக்கின்றன.

ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 49 உயிர்கள். நீங்கள் இதைப் படிக்கும் இன்றைக்கும் ஏதோ சில வீடுகளில் காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் மய்யித்தாகத் திரும்புகிறார்.

இவர்களைக் கொன்றவர்கள் யார்? ஏறக்குறைய யாருமே கொல்ல நினைக்கவில்லை. ஓட்டுநரைக் கேட்டால், "வேணும்ன்னு பண்ணலைங்க" என்பார். பள்ளம் தோண்டியவரும், ரோடு போட்டவரும், வண்டியை வளைவில் நிறுத்தியவரும் அதையே சொல்வார்கள். எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நாளை அல்லாஹ்வின் சன்னிதானத்தில் அந்தப் பதில் மட்டும் போதுமா? இதுதான் இன்று நாம் யோசிக்க வேண்டிய கேள்வி.

நிய்யத் இல்லாத கொலைக்கும் கஃப்பாரா

சூரத்துன்னிஸாவின் 92-ஆவது வசனம் தவறுதலாக நடக்கும் கொலையைப் பற்றிப் பேசுகிறது. அப்படிக் கொன்றுவிட்டவர் இறந்தவரின் குடும்பத்துக்கு திய்யத் கொடுக்க வேண்டும். அத்துடன் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் நம்மோடு உடன்படிக்கையில் வாழும் வேறு சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் திய்யத்தும் கஃப்பாராவும் உண்டு என்று அதே வசனம் சொல்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, எண்ணமே இல்லாத செயலுக்கு ஏன் கஃப்பாரா? ஹனஃபி ஃபிக்ஹ் நூலான ஹிதாயா இதற்கு விளக்கம் தருகிறது. தவறுதலாகக் கொன்றவருக்குக் கொலையின் பாவம் இல்லை. ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போன பாவம் இருக்கிறது, கஃப்பாரா அதற்காகத்தான்.

நன்றாகக் கவனியுங்கள். கெட்ட எண்ணம் இல்லை என்பதால் ஒருவன் கொலைகாரன் ஆகாமல் தப்பலாம். கவனம் என்ற கடமை அவனை விட்டு நீங்குவதில்லை. அதனால் "வேண்டுமென்று செய்யவில்லை" என்று சொன்னவரிடம் அடுத்த கேள்வி வரும்: "வேண்டாம் என்பதற்காக என்ன செய்தாய்?"

பாதையில் நீங்கள் விட்டுவைத்தது என்ன?

ஃபிக்ஹ் நூல்களில் பாதையில் ஒருவர் ஏற்படுத்துபவை பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. பொதுப் பாதையில் அனுமதியின்றிப் பள்ளம் தோண்டி அதில் ஒருவர் விழுந்து இறந்தால், தோண்டியவர் தரப்பு திய்யத் கொடுக்க வேண்டும். கல்லை வைத்தாலும் இதே சட்டம்தான். தோண்டியவர் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பொறுப்பு அவரைத் தொடர்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் பிராணி பின்னங்காலால் உதைத்தால் ஏறிச் செல்பவர் மீது பொறுப்பில்லை, அதை அவரால் தடுக்க முடியாது. ஆனால் அவர் பிராணியைப் பாதையில் நிறுத்தி வைத்திருந்தபோது அது உதைத்தால் அவரே பொறுப்பு. நிறுத்தாமல் இருந்திருக்கலாம் அல்லவா? பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் எழுதிய சட்டம், இன்று இரவில் ரோட்டோரம் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரிக்கு எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது!

இதை நம் ஊர்ப் பக்கம் கொண்டு வந்து பாருங்கள். கொடுமுடி வழியாகப் போகும் ஈரோடு - கரூர் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களைப் பார்க்கிறோம். ட்ரெய்லருக்கு வெளியே கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இருக்காது. பின்னால் வரும் பைக்காரருக்கு இருட்டில் தெரிவது இருட்டு மட்டுமே. அந்த ஸ்டிக்கருக்குச் செலவு எவ்வளவு? ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட வராது.

கொள்ளையும் சோளத்தையும் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளை வைத்துக் கதிரடிக்கும் பழக்கம் நம் கொங்குப் பகுதியில் இருக்கிறது. அந்தத் தட்டின் மேல் இருசக்கர வண்டி வழுக்கும். தண்ணீர்க் குழாய் இணைப்புக்காகப் புதுத் தார் ரோட்டை வெட்டிவிட்டு மண்ணை மட்டும் அள்ளிப் போட்டுப் போவதும், வீட்டுக்கு முன்னால் யாரிடமும் கேட்காமல் நாமே சிமெண்டில் வேகத்தடை கட்டுவதும், வாசல் சரிவைத் தெருவின் பாதி வரை இறக்குவதும் அன்றாடம் பார்ப்பவை. இவற்றைச் செய்வோர் கெட்டவர்கள் அல்லர். நம்மில் பலர்தான்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பயான் முழுமையாகாது. ஜும்ஆவுக்கு வரும் நாம் பள்ளிவாசல் முன்னால் வண்டிகளை எப்படி நிறுத்துகிறோம்? உள்ளே நாம் ஸஜ்தாவில் இருக்கும்போது வெளியே ஓர் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றால், அந்த நோயாளியின் ஹக்கு யார் தலையில்? பாதைகளில் உட்காருவதைத் தவிர்க்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், தோழர்கள் தங்கள் தேவையைச் சொன்னபோது, அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று அதை விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது. உட்காரும் மனிதருக்கே இந்த நிபந்தனை என்றால், நாம் நிறுத்திவிட்டுப் போகும் காருக்கு?

ஆடிப் பதினெட்டிலும் அமாவாசை நாட்களிலும் காவிரியில் நீராடவும் கோயிலுக்குச் செல்லவும் வெளியூர் மக்கள் திரளாக நம் ஊருக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பாதையில் அதே ஹக்கு இருக்கிறது. பாதையில் கிடந்த முள்கிளையை அகற்றியதற்காக ஒருவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸில், அடுத்து அந்த வழியாக வரப்போகிறவர் யார் என்ற பேச்சே இல்லை.

ரோடு போடுபவரின் அமானத்

பொறுப்பு நம்மோடு முடிவதில்லை. ரோடு போடும் ஒப்பந்ததாரர், அளந்து எம்-புக்கில் கையெழுத்துப் போடும் பொறியாளர், பில்லை அனுமதிக்கும் அதிகாரி, இவர்கள் கையில் இருப்பது மக்களின் பணம் மட்டுமல்ல, மக்களின் உயிரும்தான். அளவில் மோசடி செய்பவர்களுக்குக் கேடு என்று சொல்ல அல்லாஹ் தனி சூராவையே இறக்கினான். தராசில் குறைப்பவன் ஒருவனின் பணத்தைத் திருடுகிறான். தாரிலும் ஜல்லியிலும் குறைப்பவனின் குற்றமோ, முதல் மழையில் பெயர்ந்த பள்ளத்தில் ஒரு தாய் குழந்தையோடு விழும்போதுதான் வெளியே தெரிகிறது.

2022-இல் வேலூரில் ஒரு தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமலேயே, அதன் சக்கரங்கள் புதையும்படி இரவோடு இரவாக சிமெண்ட் ரோடு போட்டுவிட்டார்கள். நாடே சிரித்தது. சிரித்து முடித்தபின் யோசிக்க வேண்டும். கண்ணெதிரே நிற்கும் வண்டியையே கவனிக்காத வேலையில், கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தை யார் கவனித்திருப்பார்?

பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போடுவதால் ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, வீடுகள் பள்ளத்துக்குள் போகின்றன. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. உயர்ந்த ரோட்டின் ஓரத்தில் வண்டி இறங்கினால் கவிழ்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உத்தரவு இருக்கிறது. நம் தெருவில் வேலை நடக்கும்போது சுரண்டினார்களா என்று கேட்பது யார் வேலை? அது நம் வேலை, நன்மையை ஏவுவதில் அதுவும் சேரும். சாலை அமைப்பில் தரத்தை மீறி அதனால் உயிர் போனால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் அபராதம் விதிக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

இராக்கில் ஒரு கோவேறு கழுதை கால் இடறினாலும், அதற்கு ஏன் பாதையைச் சீர்செய்யவில்லை என்று அல்லாஹ் தன்னைக் கேட்பானோ என ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாகச் சொல்லப்படுகிறது. கலீஃபா இருந்தது மதீனாவில், இராக்கோ பல நாள் பயணத் தொலைவில். நம் அதிகாரிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் அந்த அச்சத்தில் ஒரு துளியை அல்லாஹ் கொடுக்கட்டும்.

"எல்லாம் விதி" என்று சொல்லலாமா?

விபத்து நடந்த வீட்டில் போய் உட்கார்ந்தால், "அவன் ஹயாத் அவ்வளவுதான்" என்கிறோம். துக்கத்தில் இருப்பவருக்கு அது ஆறுதல். கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் வண்டியை எடுக்கும்போது அதே வார்த்தையைச் சொல்வது ஆறுதல் ஆகாது, அது சாக்கு.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் அங்கே நுழையாமல் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். புகாரியில் வரும் சம்பவம் இது. ஆபத்து அல்லாஹ்வின் விதி என்றால், அதிலிருந்து தப்ப அவன் தந்த அறிவும் அவன் விதிதான். தலைக்கவசத்தை டேங்க் மேல் மாட்டிக்கொண்டு தவக்குல் பேசுபவர், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை மறந்துவிட்டார். 2022-இல் மட்டும் தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர்.

நல்ல ரோடு ஒரு சோதனை

குண்டும் குழியுமாக இருந்த ரோட்டுக்குப் புதுத் தார் போட்டால் நாம் சந்தோஷப்படுகிறோம். அது நிஃமத். ஒவ்வொரு நிஃமத்தும் ஒரு சோதனை. குழி இருந்தவரை 30-இல் போன பையன் இப்போது 90-இல் போகிறான். குழி செய்துகொண்டிருந்த வேகத்தடை வேலையை இனி நம் தக்வாதான் செய்ய வேண்டும்.

அரஃபாவிலிருந்து புறப்பட்டபோது பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டு, நபி (ஸல்) அவர்கள் நிதானத்தைக் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். விரைந்து ஓட்டுவதில் புண்ணியம் இல்லை என்றார்கள். போய்க்கொண்டிருந்தது ஹஜ்ஜின் கடமைக்காக! அதே பயணத்தில், வழியில் இடைவெளி கிடைத்தபோது அவர்கள் சற்று வேகமாகச் சென்றதாகவும் உஸாமா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆக வேகமே கூடாது என்பதல்ல, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் வேகம்.

பள்ளிவாசலுக்கோ கடைவீதிக்கோ அம்புகளோடு வருபவர், யார் மீதும் பட்டுவிடாதபடி அவற்றின் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அம்பு வைத்திருப்பது ஹலால்தான். முனையை மூடாமல் கூட்டத்தில் நடப்பதுதான் குற்றம். இன்று நம் பைக்குக்கு முனை வேகம். பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தை, முனை மூடாத அம்பைக் கூட்டத்துக்குள் அனுப்புகிறார். அப்படிச் சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், சட்டப்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அதற்கு முன்பே இதில் மார்க்கத்தின் தடை இருக்கிறது. 1993-இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் உலமாக்கள், ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது ஷரீஅத்தின்படியே கடமை என்று முடிவு செய்தார்கள். சிவப்பு விளக்கில் நிற்பது போலீஸுக்குப் பயந்து அல்ல.

விழுந்தவரைத் தூக்குங்கள்

ஒருவர் ரோட்டில் விழுந்து கிடந்தால் கேஸ், ஸ்டேஷன், அலைச்சல் என்று பயந்து கடந்து போகிறோம். உதவி செய்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. 2019 சட்டத் திருத்தமும் பாதுகாப்புத் தந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்புக்குள் தமிழக அரசே ஏற்கிறது. 108-ஐ அழைப்பதற்கு இனி நமக்கு என்ன தடை? ஓர் உயிரை வாழவைப்பவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்று அல்லாஹ் சொல்லும் அந்தஸ்து, ஈரோடு - கரூர் சாலையில் ஏதோ ஒரு இரவில் உங்களுக்காகக் காத்திருக்கலாம்.

அன்புச் சகோதரர்களே! ஈமானின் கடைசிக் கிளை என்பதால் அது சாதாரணமானது அல்ல. ஏணியின் கடைசிப் படியில் கால் வைக்காதவர் மேலே ஏறுவதில்லை. இந்த வாரம் ஆளுக்கு ஒரு தொல்லையை அகற்றுவோம். உங்கள் டிராக்டருக்கு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வெட்டிய ரோட்டைச் சரியாக மூடுங்கள். தெருப் பள்ளத்தைப் பற்றிப் பேரூராட்சிக்கு ஒரு மனு கொடுங்கள். அடுத்த ஜும்ஆவுக்கு முடிந்தவர்கள் நடந்து வாருங்கள். வண்டியில் வருபவர்கள் பாதையை விட்டு நிறுத்துங்கள். நாளை "வேண்டாம் என்பதற்காக என்ன செய்தாய்?" என்ற கேள்வி வரும்போது, காட்டுவதற்கு நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளாலும் வாகனங்களாலும் கவனக்குறைவாலும் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. சாலையில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக. பொறுப்பில் இருப்பவர்களுக்கு அமானத்தைப் பேணும் உள்ளத்தைத் தருவாயாக. வீட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரையும் நலமாக வீடு சேர்ப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.