வேறெங்காவது

"பறவைக்குத்தான் றெக்கை இருக்கே, வேற எங்கயாவது போய்க்கும்."

ஒரு நீர்நிலையை மூடப்போகும்போதெல்லாம் இந்த வாக்கியம் எப்படியோ வந்துவிடுகிறது. கெட்ட எண்ணத்தோடு இதைச் சொல்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள், தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். எனக்கு இதைச் சொன்னவர் தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில், ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். நல்ல மனிதர். நான் சோறு கொண்டுவராத நாட்களில் தன் டப்பாவை என் பக்கம் நகர்த்துகிறவர். பேச்சு செமாங்கும் பற்றி.

ஜொன்ஜுவிலிருந்து மேற்கே போனால் மான்கியோங், தொங்ஜின் என்ற இரண்டு ஆறுகள் மஞ்சள் கடலில் கலக்கும் கழிமுகம். கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டியவரை சேறு. இந்தச் சேற்றுவெளியைக் கொரியர்கள் கெட்பொல் என்கிறார்கள். அதன் வாயை அடைத்து 33.9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்சுவர் எழுப்பினார்கள். 1991-ல் வேலை தொடங்கி, 2006 ஏப்ரலில் கடைசி இடைவெளியை மூடினார்கள். உள்ளே சிக்கியது 401 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. முதலில் சொன்ன காரணம் நெல் வயல். சுவர் முடிவதற்குள் அந்த நாட்டில் அரிசி மிஞ்ச ஆரம்பித்துவிட்டது. அதனால் காரணத்தை மாற்றிக்கொண்டார்கள், சுவரை மாற்றவில்லை.

அந்தச் சேற்றை நம்பியிருந்த பறவைகளில் ஒன்று 'கிரேட் நாட்' என்கிற பெரிய உள்ளான். வடமேற்கு ஆஸ்திரேலியாவில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க சைபீரியாவின் வடகிழக்கு மலைகளுக்குப் போகும். நடுவே ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஒரே மூச்சாகப் பறந்து மஞ்சள் கடல் ஓரத்தில் இறங்கும். வாத்து மாதிரி கடலில் மிதந்து இளைப்பாற இதற்கு முடியாது. அப்படிப் பறந்து முடித்த பறவைகளை ஆராய்ந்தவர்கள் 2000-ல் ஒரு விஷயத்தைப் பதிவுசெய்தார்கள்: மூளையும் நுரையீரலும் தவிர அதன் உள்ளுறுப்புகள் அத்தனையும் சுருங்கியிருந்தன. கொழுப்பு மட்டுமல்ல, குடல், ஈரல், தசை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டுதான் அது வந்து சேர்கிறது. இறங்கிய பிறகு சிப்பிகளை முழுசாக விழுங்கி, இரைப்பையில் ஓட்டோடு நொறுக்கி, சில வாரங்களில் தன் உடம்பைத் திரும்பக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கும் கடல் வற்றும் நேரம் மட்டும்தான் கிடைக்கும்.

இப்போது அந்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். றெக்கை இருக்கே. றெக்கை என்பது எங்கே வேண்டுமானாலும் போவதற்கான அனுமதிச்சீட்டு என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் றெக்கைதான் அதை இந்த ஒரு இடத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் பறக்கிற உடம்புக்கு இறங்குமிடத்தில் பேரம் பேச ஒன்றுமே மிச்சமிருக்காது.

தஞ்சையின் மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் போகும் வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. கால்நடையாகப் போகிறவனுக்கு ஒரு சத்திரத்தின் மதிப்பு அதன் தூண்களிலோ அறைகளின் எண்ணிக்கையிலோ இல்லை. இருட்டுவதற்குள் நடந்து சேரக்கூடிய தூரத்தில் அது இருக்கிறதா என்பதில் இருக்கிறது. நடுவில் ஒன்றை இடித்துவிட்டு, 'அடுத்த ஊர் சத்திரத்தைப் பெரிசாக்கிட்டோம்' என்றால் நடுவழியில் இருட்டிவிட்டவனுக்கு என்ன பிரயோசனம்? அடுத்த சத்திரத்திலும் ஏற்கெனவே பந்தி நிரம்பியிருந்தால்?

பறவைகள் வேறெங்காவது போயினவா என்பது வெறும் நம்பிக்கை சார்ந்த கேள்வி அல்ல, எண்ணிப் பார்க்கக்கூடியது. எண்ணினார்கள். பேர்ட்ஸ் கொரியா என்ற அமைப்பும் ஆஸ்திரேலியக் கரைப்பறவை ஆய்வாளர்களும் சேர்ந்து 2006 முதல் 2008 வரை மூன்று வசந்தங்கள் செமாங்கும்மிலும் அக்கம்பக்கத்துக் கழிமுகங்களிலும் நின்று எண்ணினார்கள். பெரிய உள்ளான் மட்டும் ஏறக்குறைய 90,000 குறைந்திருந்தது. உலகில் இருந்த மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. பக்கத்து இடங்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆஸ்திரேலியாவின் எண்ணிக்கையும் இறங்கியது. வேறெங்காவது என்ற ஊர் வரைபடத்தில் இல்லை.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. தொண்ணூறாயிரம் பறவைகளின் பிணத்தை யாரும் பார்க்கவில்லை. ஒன்று மெலிந்து சைபீரியா போய்ச் சேராமல் இருந்திருக்கும். ஒன்று சேர்ந்தும் முட்டையிடாமல் இருந்திருக்கும். ஒன்று கடல்மேல் விழுந்திருக்கும். ஒவ்வொரு சாவும் குற்றம் நடந்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தனித்தனியாக, இயற்கை மரணம் போலவே நடந்திருக்கிறது. பிணம் இல்லாத, ஆயுதம் இல்லாத, கொல்லும் எண்ணமும் இல்லாத ஒன்றை என்ன பெயரிட்டு அழைப்பது? நம்முடைய அறநூல்கள் கொல்லாமையைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கின்றன. ஆனால் அவை கையையும் கத்தியையும் மனதில் வைத்துப் பேசியவை. இங்கே செய்தது ஒரு வாசலை மூடியது மட்டும்தான். வாசலை மூடுவதும் கொலையாகுமா? உள்ளே வர வேறு வாசல் இல்லை என்று தெரிந்த பிறகு ஆகும் என்றே நினைக்கிறேன். தெரியாதபோது செய்தவருக்கும், எண்ணிக்கை கையில் வந்த பிறகும் அதே வாக்கியத்தைச் சொல்கிறவருக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது.

நம் செய்தித்தாள்கள் ஒவ்வொரு மார்கழிக்கும் 'வெளிநாட்டு விருந்தாளிகள் வருகை' என்று தலைப்புப் போடும். அன்பான சொல்தான். ஆனால் விருந்தாளி என்றதும் வீடு நம்முடையது ஆகிவிடுகிறது. சோறு போடுவது நம் பெருந்தன்மை, போடாவிட்டால் கொஞ்சம் மரியாதைக் குறைவு, அவ்வளவுதான். சைபீரியாவும் மஞ்சள் கடலும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்தால்தான் அந்த உள்ளானுக்கு ஒரு வீடு. கழிமுகம் அந்த வீட்டின் அடுக்களை. அடுக்களைக்கு வருகிறவரை விருந்தாளி என்று யாராவது சொல்வார்களா?

இதையெல்லாம் நான் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர் கோபப்படவில்லை. "உனக்கு இந்த மாகாணத்தின் கதை தெரியாது" என்றார். பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகள் எல்லாம் கியோங்சாங் பக்கமே போயின, ஜொல்லா வயலும் வறுமையுமாக விடப்பட்டது, இளைஞர்கள் சியோலுக்கு ரயில் ஏறினார்கள். அந்தச் சுவர்தான் எங்களுக்கு என்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட பெரிய வாக்குறுதி, அதைப் பறவைக்காக விட்டுக்கொடு என்று சியோல்காரன் சொன்னால் எப்படி இருக்கும்? இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. புறக்கணிக்கப்பட்ட ஊரிடம் போய் நீதான் தியாகம் செய்ய வேண்டும் என்று சொல்வதில் ஒரு அசிங்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே சேற்றில் குனிந்து சிப்பி பொறுக்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களும் ஜொல்லாக்காரர்கள்தான். அவர்களுடைய சேறும் காய்ந்தது. அவர்களுக்கும் 'வேற வேலை பாத்துக்குவாங்க' என்றுதான் சொல்லப்பட்டிருக்கும். ஒரு ஏழையின் கனவுக்காக இன்னொரு ஏழையின் வயிற்றை அடைத்ததில் யார் ஜெயித்தார்கள்?

2003-ல் ஒரு பௌத்தத் துறவி, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு வொன் பௌத்தத் துறவி நால்வரும் அந்தச் சேற்றிலிருந்து சியோல்வரை மூன்று அடி வைத்து ஒரு முறை மண்ணில் விழுந்து வணங்கியபடியே போனார்கள். 65 நாட்கள், 300 கிலோமீட்டருக்கும் மேல். அங்கப்பிரதட்சணம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த உடல்வலி கொஞ்சம் புரியும். வழக்கும் நடந்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வேலையைத் தொடரலாம் என்றது. அடுத்த மாதம் சுவர் மூடியது.

2021-ல் கொரியாவின் கெட்பொல்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. செமாங்கும்முக்கு வடக்கே இருக்கும் சொச்சொன் அதில் உண்டு, தெற்கே இருக்கும் கோச்சாங்கும் உண்டு. நடுவில் இருந்தது சுவருக்குப் பின்னால். 2023 ஆகஸ்டில் அந்தக் காய்ந்த நிலத்தில் உலக சாரணர் ஜம்போரி நடத்தி, வெயிலிலும் சேற்றிலும் பிள்ளைகள் சுருண்டு விழுந்து, பிறகு புயலுக்குப் பயந்து எல்லோரையும் வெளியேற்றியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

சுவருக்குள் இன்னும் சாகாமல் கிடக்கும் ஒரு துண்டுக்கு சுரா என்று பெயர். அங்கே விமான நிலையம் கட்டத் திட்டம். 2025 செப்டம்பரில் சியோல் நிர்வாக நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்துசெய்தது. விமானத்தில் பறவைகள் மோதும் ஆபத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. முந்தைய டிசம்பரில்தான் முவான் விமான விபத்தில் 179 பேர் இறந்திருந்தார்கள். அரசு மேல்முறையீடு செய்தது.

தீர்ப்பு வந்த அன்று பக்கத்து மேசைக்காரர் செய்தியைக் காட்டி, "உன் பறவைகள் ஜெயிச்சிருச்சு" என்றார். அவை இறங்க இடமில்லாமல் சாவது எந்தத் தீர்ப்பையும் மாற்றவில்லை, நம் விமானத்தில் மோதலாம் என்றதும்தான் கணக்கில் வந்தன என்றேன். அவர் கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இப்போது அங்கே எந்தப் பறவைகள் வருகின்றன, போய்ப் பார்க்க எது நல்ல மாதம் என்று கேட்டார். ஏப்ரல் கடைசி என்றேன்.