படம் பொய் சொல்லலாமா?

வாணிபத்தை இழிவான தொழிலென்று இஸ்லாம் என்றுமே கருதியதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன்னர், அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்குகளை ஷாம் நாட்டுக்குக் கொண்டு சென்று விற்று வந்தார்கள் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் தம் கையால் உழைத்துச் சம்பாதித்ததைத் தர்மம் செய்து வந்தார்கள். ஆகவே, முஸ்லிம் பெண்மணி தன் கைவேலையை விற்பது புதிய செய்தியன்று. புதிதாக வந்திருப்பது சந்தைதான்.

அந்தச் சந்தை இன்று கைப்பேசிக்குள் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இன்ஸ்டாகிராம் முதலில் நண்பர்கள் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் இடமாகத்தான் இருந்தது. 2020 ஜூன் மாத இறுதியில் நம் அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அடுத்த மாதமே ‘ரீல்ஸ்’ எனும் குறும்படங்கள் இன்ஸ்டாகிராம் வழியே நம் நாட்டுக்கு வந்தன. இன்று கீழக்கரையில் தொதல் கிண்டுபவரும், பத்தமடையில் பாய் நெய்பவரும், வீட்டுத் தையல் இயந்திரத்தில் புர்கா தைக்கும் சகோதரியும், முன்பணம் கொடுத்துக் கடை பிடிக்காமல், வாசற்படி தாண்டாமல், வெளியூருக்குச் சரக்கனுப்ப வழி பிறந்திருக்கிறது. கணவனை இழந்து, யாரிடமும் கையேந்த மனமில்லாத ஒரு தாய்க்கு இது அல்லாஹ் திறந்துவிட்ட வாசல் என்றே சொல்ல வேண்டும்.

உருவப் படம் கூடுமா, கூடாதா என்ற வாதம் உலமாப் பெருமக்களிடையே நூறாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. ஆனால் அந்த வாதம் உயிருள்ளவற்றைப் பற்றியது. பாயையும் துணியையும் பலகாரத்தையும் படம் பிடிப்பதில் சர்ச்சைக்கு இடமில்லை. எனவே இங்கே நம் கேள்வி வேறு. அந்தப் படம் உண்மை சொல்கிறதா?

மடி கட்டிய ஆடு

கடைக்கு வருபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார். பலகாரத்தை முகர்ந்து பார்ப்பார். கைப்பேசியில் வாங்குபவருக்குக் கண் ஒன்றுதான் துணை. அந்தக் கண்ணும் விற்பவர் காட்டியதை மட்டுமே காண்கிறது. அவ்வளவு நம்பிக்கையையும் நம் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் பணம் அனுப்புகிறார். அது ஓர் அமானத்.

அரபு நாட்டுச் சந்தையில் ஒரு தந்திரம் இருந்தது. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்குமுன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டிவிடுவார்கள். மடி கனத்துத் தொங்கும். வாங்குபவர், நிறையப் பால் தரும் பிராணி என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுப்பார். நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் பால் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஃ பேரீச்சம்பழம் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் அருளினார்கள்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆட்டை விற்றவன் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. “நாளுக்கு இத்தனை படி கறக்கும்” என்று சத்தியம் செய்யவில்லை. பொய்யைச் சொன்னது மடியே. கண்ணுக்குக் காட்டிய காட்சியே பொய்யாகிவிட்டது. வெளுத்த சாயத்தை மெருகேற்றி அடர்ந்த நிறமாக்கும் ‘பில்டர்’, சின்னப் பெட்டியை அருகில் வைத்துப் பெரிதாகக் காட்டும் கோணம், வேறொருவர் கடையின் படத்தை எடுத்துத் தன் சரக்கென்று போடுவது ஆகிய யாவும் மடி கட்டிய ஆடுகளே.

பத்தமடைப் பாயையே எடுத்துக்கொள்ளுங்கள். கோரையை ஊறவைத்து, கையால் மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்யும் பட்டுப் பாய்க்கும், சாதாரண முரட்டுப் பாய்க்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. கையில் எடுத்து மடித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். சிறிய திரையில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். அங்கே உண்மையைச் சொல்ல விற்பவரின் இறையச்சத்தைத் தவிர வேறு சாட்சி ஏது?

“எல்லோருக்கும் தெரிந்ததுதானே?”

சிலர் இப்படிச் சமாதானம் கூறுவார்கள்: “படம் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பது வாங்குபவருக்கும் தெரியும். தெரிந்தே வாங்குகிறார். இதில் மோசடி எங்கே?” கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும். ஆனால் எல்லோருமே தெரிந்து தள்ளுபடி செய்து பார்ப்பார்களென்றால், கூட்டிக் காட்டுவதால் ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்காது. அந்தச் சிரமமே வீண். கிடைக்கிறது என்பதால்தானே செய்கிறோம்? அப்படியானால் தள்ளுபடி செய்யத் தெரியாத ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் பெரும்பாலும் வெள்ளை மனம் கொண்டவர். மகளின் நிக்காஹுக்கென்று சேர்த்து வைத்த பணத்தில் வாங்குபவராகவும் இருக்கலாம். நம் இலாபம் அவருடைய ஏமாற்றத்திலிருந்தே வருகிறது.

இன்னொருவரும் இதில் பாதிக்கப்படுகிறார். உள்ளதை உள்ளபடி காட்டும் நேர்மையான வியாபாரியின் படத்தையும் மக்கள் சந்தேகத்துடனே பார்க்கத் தொடங்குகிறார்கள். அவருடைய உண்மைக்கும் விலையில்லாமல் போகிறது.

தானியக் குவியலில் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய ஹதீது நாமறிந்ததே. மழையில் நனைந்துவிட்டதென்று அந்த வியாபாரி கூறினார். நனைந்ததற்காக நாயகம் அவரைக் குறை கூறவில்லை. மழை அல்லாஹ்வின் நாட்டம். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைக்காதது ஏன் என்றுதான் கேட்டார்கள். மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஆகவே, சரக்கில் குறையிருப்பது பாவமன்று. குறையைப் படத்தின் சட்டத்துக்கு வெளியே தள்ளுவதே பாவம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லி விற்குமாறு தம் கூட்டாளியிடம் ஒப்படைத்தார்கள். அவர் மறந்து, சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். துணியின் குறைக்காக மட்டும் ஒரு பகுதியைக் கழித்திருக்கலாம். ஆனால் பேணுதல் அவர்களை அவ்வாறு விடவில்லை.

கூலிக்குப் புகழ்

வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு, மற்றவரை வாங்கத் தூண்டுவதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் இதை விலக்கினார்கள். காசு கொடுத்து ஆயிரக்கணக்கில் ‘லைக்’ வாங்குவதும், போலிப் பெயர்களில் பாராட்டு எழுதுவிப்பதும் இதன் புதிய வடிவங்களே. அமெரிக்காவில் போலி விமர்சனங்களையும் போலிப் பின்தொடர்வோரை விற்பதையும் தடுக்கும் விதி 2024ஆம் ஆண்டில்தான் வந்தது. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கூலி பெற்றுப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சட்டங்கள் இன்று வந்து சேர்ந்த இடத்தில் நம் ஷரீஅத் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நின்றது.

உறவினர் விஷயத்தில்தான் நாம் வழுக்கி விழுகிறோம். தங்கையின் வியாபாரம் நன்றாக நடக்கட்டுமே என்று, ஒரு துண்டும் சுவைத்தறியாத அக்கா, “மாஷா அல்லாஹ்! இதைப்போல் நான் சாப்பிட்டதே இல்லை” என்று எழுதுகிறார். எண்ணம் பாசம்தான், வாசகம் பொய்ச் சாட்சி. “என் தங்கையின் கடை; அல்லாஹ் பரக்கத் செய்வானாக” என்று எழுதினால் பாசமும் நிறைவேறும், உண்மையும் நிற்கும்.

சரக்கா, நாமா?

சரக்கைக் காட்டுவது போதாதென்று சில நாட்களில் தோன்றும். முகம் காட்டுபவருக்கே பார்வை கூடுகிறது. சிரித்துப் பேசுபவருக்கு இன்னும் கூடுகிறது. முதலில் கை, பிறகு குரல், பிறகு முகம், பிறகு வீடு, கடைசியில் குழந்தை. ஒவ்வொரு படியும் மிகச் சிறியது. திரும்பிப் பார்த்தால்தான் இறங்கிய ஆழம் தெரியும். பார்வையைத் தாழ்த்தும்படி திருமறையின் அந்நூர் அத்தியாயம் முதலில் ஆண்களுக்குத்தான் கட்டளையிடுகிறது. அடுத்த வசனத்தில் பெண்களுக்கு. எனவே இது பெண்களுக்கு மட்டும் சொல்லும் புத்திமதியன்று. கடை விளம்பரத்துக்கு அந்நியப் பெண்ணை அலங்கரித்து நிறுத்தும் முதலாளியும் பதில் சொல்ல வேண்டியவரே. குழந்தைகளோ சம்மதம் சொல்ல அறியாதவர்கள். அவர்களின் வெகுளித்தனம் பெற்றோரின் விற்பனைச் சரக்கன்று.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது தர்மத்தின் படம். ரமலானில் கடையின் பெயர் பொறித்த பையில் அரிசி கொடுத்து, வாங்குபவரின் முகம் தெரியப் படமெடுத்துப் பரப்புகிறார்கள். சரக்கைக் காட்டுவது ரியாவாகாது. வணக்கத்தைக் காட்டிச் சரக்கை விற்பது ரியாவேயன்றி வேறென்ன? சொல்லிக் காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாமென்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது; அத்தகைய தர்மத்தை, பாறைமேல் படிந்த மண் பெருமழையில் கழுவப்படுவதற்கு ஒப்பிடுகிறது. கை நீட்டிய ஏழைக்கு அரிசி தீர்ந்துவிடும், படம் தீராது. அவருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைக் காண நேர்ந்தால், நாம் கொடுத்தது என்ன, எடுத்தது என்ன?

அன்புச் சகோதர சகோதரிகளே! விளம்பரம் செய்யுங்கள்; தாராளமாகச் செய்யுங்கள். சரக்கைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். அளவையும் எடையையும் விலையையும் எழுதுங்கள். குறையிருந்தால் அதையும் ஒரு படமாகப் போடுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். பாங்கொலி கேட்டதும் கைப்பேசியைக் கீழே வையுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டென்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படுமென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். பார்த்தவர் எத்தனை பேர் என்று கைப்பேசி கணக்குச் சொல்லும். பரக்கத்தின் கணக்கு அதில் வராது.

வல்ல அல்லாஹ் நம் கண்களையும் கைகளையும் மோசடியிலிருந்து காத்து, ஹலாலான ரிஜ்கைக் கொண்டு நம் இல்லங்களை நிறைத்தருள்வானாக! ஆமீன்.