இரண்டு பக்கங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் இரண்டு காரியம் செய்தேன்: தவணையில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன், ஓர் இலக்கியப் பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். திருச்சியில் ஒரு மாடி அறை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கென்று மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். இரண்டு ஆசைக்கும் அதுதான் பொழுது என்பதால் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டேன். கேசட்டைப் போட்டுவிட்டுப் பத்திரிகையைப் பிரிப்பேன்.

சினிமாப் பாட்டோடு அது நடக்கவில்லை. கதையில் ஒருத்தி கணவனிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையை நோக்கி எழுத்தாளர் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்துப் பல்லவி வந்து என் நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஒரே பத்தியை மூன்று தடவை படிப்பேன். மௌனமாகப் படிக்கும்போதும் மனசு சொற்களை உள்ளுக்குள் ஒலித்துப் பார்க்கிறது. தெரிந்த மொழியில் காதில் விழும் சொல்லும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. ஒரே திண்ணையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கதை சொன்னால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகிறது. நினைவையும் வாசிப்பையும் ஆராய்ந்தவர்கள் பேச்சும் பாடல்வரியும் படிப்பைக் குலைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். சொல்லில்லாத இசை அந்த அளவுக்குக் குலைப்பதில்லை.

ஆகவே வாத்தியத்துக்கு மாறினேன். வீணை, வயலின், புல்லாங்குழல். தியாகராஜரையும் பாஹையும் மனத்தில் வைத்து இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ கேசட் தேயத்தேய ஓடியது. சொற்களின் மோதல் நின்றது. ஆனால் வேறொன்று நடந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. தெருச்சத்தத்தை மறைக்க மாட்டிய திரைச்சீலையாகிவிட்டது இசை. திரைச்சீலையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

ஓர் இரவு வாத்தியத்துக்குப் பதில் கர்நாடக சங்கீத வித்வான் எம்.டி. ராமநாதன் பாடிக்கொண்டிருந்தார். விளம்ப காலத்துக்குப் பேர்போன பாட்டு அவருடையது. அந்தக் கனத்த குரல் ஒரு ஸ்வரத்தில் வந்து நின்றால், அடுத்ததற்குப் போக அதற்கு அவசரமே இருக்காது. என் மடியில் நீண்ட கதை ஒன்று. ‘டக்’கென்று டேப் ரெக்கார்டரின் பொத்தான் மேலே எழுந்தது. ஒரு பக்கம் முடிந்துவிட்டது. அரை மணி நேரம் அவர் பாடியிருக்கிறார். என்ன ராகம் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கதையில் இறந்துபோனது அண்ணனா தம்பியா என்றும் தெரியவில்லை. இரண்டு பேர் தங்கள் ஆயுளில் சேர்த்ததை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். இரண்டையும் நான் வாங்காமல் விட்டிருக்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டேன். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடமும் கையில் எதுவும் கிடையாது. பொத்தான் எழுந்ததும் மறுபக்கத்தைத் திருப்பிப் போட மாட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். பிறகு பத்திரிகையில் ஒரே ஒரு கதை, அல்லது ஒரு கட்டுரை.

படிப்பில் அவசரப்பட வழியுண்டு. வர்ணனையைத் தாண்டலாம், கடைசிப் பத்தியை முதலில் எட்டிப் பார்க்கலாம். ஆலாபனையில் அது நடக்காது. தோடி ராகத்தை அரை மணி நேரம் பாடுகிறவரோடு அரை மணி நேரமும் கூடவே நடந்துதான் ஆகவேண்டும். அந்த நடையிலிருந்து எழுந்து வந்து படித்தால் கண்ணும் தானாக மெல்லப் போகிறது. முற்றுப்புள்ளியில் நிற்கிறது.

கவிதை படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது நிரவல். கீர்த்தனையில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் விழும் இடம் பிசகாமல், ராகத்தின் வெவ்வேறு வழிகளில் அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். எட்டாவது தடவை வரும்போதும் வரி அதேதான். கேட்கிற நாம் மாறியிருப்போம். பக்கத்தின் ஓரத்தில் பத்து வரியில் அச்சாகியிருக்கும் கவிதையை ஒரு தடவை பார்த்து, புரியவில்லை என்று தள்ளிவிட்டுப் போவது அதுவரை என் வழக்கம். நிரவல் கேட்டுப் பழகிய பிறகு ஒரே வரியோடு ஓர் இரவு இருக்க முடிந்தது.

பாட்டும் கவிதையும் தமிழில் வெகுகாலம் ஒரே வீட்டில் குடியிருந்தவை. ‘பாட்டு’ என்ற சொல்லே இரண்டுக்கும் பொது; பத்துப்பாட்டு என்கிறோம், பாட்டுக் கச்சேரி என்றும் சொல்கிறோம். ‘மணிக்கொடி’ பத்திரிகையின் காலத்தில் ந. பிச்சமூர்த்தி யாப்பை விட்டு எழுதிப் பார்த்தார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகை அந்த வழியை ஓர் இயக்கமாக வளர்த்தது. பாடுவதற்கென்று இல்லாமல், தனியாக உட்கார்ந்து கண்ணால் படித்து மனத்துக்குள் கேட்கிற கவிதை அப்படி வேரூன்றியது. அது தேவையான தனிக்குடித்தனம். ஆனாலும் போக்குவரத்து நிற்கவில்லை. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதியவர் கல்கி. மணிக்கொடியில் எழுதிய மௌனி இசையில் தோய்ந்தவர். ‘மோகமுள்’ நாவலில் சங்கீதம் கற்கும் இளைஞனையே நாயகனாக்கினார் தி. ஜானகிராமன். இவர்களுடைய வாக்கியங்களில் காது எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதை, பாட்டு கேட்டுவிட்டு வந்து படித்தபோதுதான் உணர்ந்தேன்.

கேசட் போய்க் குறுந்தகடு வந்தது; அதுவும் போய், உலகத்து இசையெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. ஒன்று முடிந்தால் நாம் கேட்காமலே அடுத்தது வருகிறது. படிப்பதும் அப்படித்தான், கட்டுரைக்குக் கீழே இன்னொரு கட்டுரை. சில ஆண்டுகள் என் மேசையில் பத்திரிகைகள் தபால் உறை பிரிக்காமலே கிடந்தன. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் நேரம் இருந்தது; எல்லைதான் போயிருந்தது. எங்கே நிற்கும் என்று தெரியாத ஒன்றுக்கு மனசு தன்னை முழுசாகக் கொடுப்பதில்லை; பாதியைக் கையிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. நாடா தீர்ந்துபோகும் கேசட்டுக்கும் பின்னட்டை உள்ள பத்திரிகைக்கும் என்னைக் கொடுக்க முடிந்ததென்றால், அவை தீரும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான்.

இப்போது தானாக அடுத்த பாட்டு வரும் வசதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். இரவில் ஒரே ஓர் உருப்படி. முடிந்ததும் ‘டக்’கென்று எழ இங்கே பொத்தான் இல்லை, தம்பூராவின் கடைசி அதிர்வு அடங்கும்வரை நானேதான் காத்திருக்க வேண்டும். அதன்பிறகு உறையைக் கிழித்துப் பத்திரிகையை எடுக்கிறேன்.

கையில் ஒன்றுமில்லாமல் கேட்கும் பழக்கம் பாட்டோடு நிற்கவில்லை. என் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணுவாள். முன்பெல்லாம் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவேன். இப்போது விளக்கை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் பேச்சுக்கும் ஒரு காலப்பிரமாணம் இருக்கிறது. மெஸ் சாப்பாடு, பரீட்சை, சிநேகிதியின் சண்டை என்று விஸ்தாரமாகப் போய், வைக்கப்போகிற நேரத்தில்தான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்வாள். “அப்பா, இன்னொண்ணு” என்று தொடங்குவாள்.

கேசட்டின் முகத்தையும் பக்கம் என்றோம். பத்திரிகையின் தாளையும் பக்கம் என்கிறோம். ‘பக்கத்தில் இரு’ என்பதிலும் அதே சொல்தான். முப்பது வருடமாக அந்த மாடி அறையிலிருந்து நான் படித்து வருவது அந்த மூன்றாவது பொருளை. “சொல்லும்மா” என்கிறேன் மகளிடம்.