அழைக்கப்பட்டது எதற்காக?



நம்முடைய தேவாலாவுக்கு ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் பொன்னைத் தேடித் திரண்டு வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 1880-ம் ஆண்டை ஒட்டி, தேவாலா, பந்தலூர் மலைகளில் பொன் ஏராளம் என்று நம்பி லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். பங்குகள் விற்றன. கல்லை இடித்துப் பொடியாக்கும் பெரிய இயந்திரங்கள் கடல் தாண்டி, மலை ஏறி வந்தன. சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் கிடைத்த பொன்னோ செலவுக்குக் கட்டவில்லை. சில வருஷத்துக்குள் கம்பெனிகள் மூடிப்போயின. மிஞ்சினது இருட்டான குழிகள்தான்.

பிரியமானவர்களே, இயந்திரம் வந்தது, பொன் வரவில்லை! நம்முடைய கிறிஸ்தவ ஜீவியமும் அப்படி ஆகிவிடக்கூடாதே என்பதுதான் என் பாரம்.

நமக்கு உபவாச ஜெபம் உண்டு, முழு இரவு ஜெபம் உண்டு, கன்வென்ஷன் உண்டு, மைக்செட் உண்டு, அந்நிய பாஷையும் உண்டு. ஸ்தோத்திரம்! இவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவும் இடித்துப் புடைத்த பிறகு, நமக்குள்ளே கிறிஸ்துவின் சுபாவம் எத்தனை கிராம் தேறுகிறது?

ரோமர் 8:28 நம் எல்லாருக்கும் மனப்பாடம். வீட்டுச் சுவரில் காலண்டராகத் தொங்குகிறது. எல்லாம் நன்மையாய் முடியும் என்று அதைப் பிடித்துக்கொள்கிறோம். நன்மை என்றால் என்ன? பையனுக்கு வேலை, மகளுக்கு வரன், வீட்டுக்குப் பட்டா. இப்படித்தானே நினைக்கிறோம்? அந்த நன்மை இன்னதென்று பவுல் அடுத்த வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். நாம் தேவகுமாரனைப்போல ஆகவேண்டும், அதற்கே முன்குறிக்கப்பட்டோம். வேலையையும் பட்டாவையும் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்காக மட்டும் பிதா தம் குமாரனைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுக்கவில்லை.

என் கதையையே சொல்லுகிறேன். ஒரு மழைக்காலத்தில் முழு இரவு ஜெபத்தை நடத்திவிட்டு, ஆவியில் களிகூர்ந்து விடியற்காலையில் வீடு திரும்பினேன். ஈர விறகு பற்றாததால் கஞ்சி ஆகவில்லை. மனைவியைப் பார்த்து நான் போட்ட சத்தம் லயத்தில் நாலு வீட்டுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா சபைக்கு வராதவர்கள். பிறகு என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்களாம்: "ராத்திரியெல்லாம் பாஸ்டர் யார்கிட்டம்மா பேசிக்கிட்டு இருந்தாரு?"

அந்தக் கேள்வி என்னை உடைத்தது. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா வாங்கினவன்தான், ஆனால் அந்தக் காலையில் அந்த அம்மா என்னிடத்தில் இயேசுவைப் பார்க்கவில்லை. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா வாசலுக்கும் போய், "தப்பு என்னுதும்மா, நான் கும்பிடுற இயேசு அப்படிப்பட்டவர் இல்ல" என்றேன். பிரசங்க பீடத்தில் நிற்பதைவிட அந்த வாசலில் நிற்பது எனக்குக் கஷ்டமாயிருந்தது.

அப்படியானால் எப்படி மாறுவது? தேயிலை மலையில் இருக்கிற நமக்கு இது சுலபமாய்ப் புரியும். தேயிலைச் செடியைச் சும்மா விட்டால் மரமாய் வளர்ந்துவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. அதனால்தான் சில வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். வெட்டின மலையைப் பார்த்தால் செத்துப்போன மாதிரி இருக்கும். பொறுத்திருந்தால் பச்சைப்பசேலென்று தளிர்விடும். கனி கொடுக்கிற கொடியையும் பிதா இப்படித்தான் சுத்தம்பண்ணுகிறார் (யோவான் 15:2). ஆகவே எல்லாக் கஷ்டத்தையும் பிசாசின் தலையில் போட்டுவிடாதிருங்கள். சிலது பிதாவின் கவ்வாத்துக் கத்தி! நம்முடைய பெலத்தினாலும் மாறமுடியாது. கர்த்தரை நோக்கிப் பார்க்கிறவர்களை ஆவியானவரே மாற்றுகிறார் (2 கொரிந்தியர் 3:18). கத்திக்கு விலகி ஓடாமல் நிற்பதே நம் பங்கு.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். கலாத்தியர் 5:22, 23-ஐ வீட்டில் வாசித்து, "என்கிட்ட எது குறையுது?" என்று மனைவியிடம், புருஷனிடம், பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில் சொல்லும்போது கோபப்படாதிருங்கள், அதுவே முதல் பரீட்சை! தண்ணீர்க் குழாயடியிலும், பெரட்டுக் களத்திலும், கடன் கொடுத்தவர் வாசலிலும் நம்மைப் பார்க்கிறவர்கள் இயேசுவைப் பார்க்கட்டும்.

இந்த மலையில் பொன் தேடினவர்கள் ஏமாந்து போனார்கள். நம்மைத் தேடி வந்தவர் ஏமாந்து போகாதபடி நம்மை ஒப்புக்கொடுப்போமா? கர்த்தர்தாமே தம்முடைய சாயலை நம்மில் பூரணப்படுத்துவாராக. ஆமென். மாரநாதா!